சுக்குக் கிடங்குக்கு மேலே போன கம்பி

போன வாரம் மட்டாஞ்சேரியின் பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கினேன். கண்ணாடி அலமாரிக்குள், குத்துவிளக்குகளுக்கு நடுவே, கோழிமுட்டை அளவில் ஒரு வெள்ளைப் பீங்கான். இரண்டு துளை, ஓரத்தில் ஓர் உடைசல். ஏரியல் கம்பியின் முனையில் கட்டுவது. பார்த்ததும் மூக்கில் கந்தகம் ஏறியது. உங்களுக்கு ஏறாது. அதற்கு அந்தக் காலத்தில் அந்தப் பாவியின் கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருந்திருக்க வேண்டும்.

அந்தப் பாவி சங்கரமூர்த்தி முதலாளி, சுக்கு வியாபாரி. சுக்கைச் சுண்ணாம்பில் முக்கிக் காயவைத்து, அறையைப் பூட்டி உள்ளே கந்தகம் புகைப்பார்கள். சுக்கு பளிச்சென்று வெளுக்கும், எங்கள் வீட்டுப் பித்தளை எல்லாம் கறுக்கும். விளக்குத் தேய்க்கிற நாளெல்லாம் அம்மா அவரைச் சபித்தாள்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா வேலை சோற்றுக்கு. உயிர் இருந்தது, வீட்டிலிருந்தே ஊர் ஊராகப் பேசுகிற ஹாம் ரேடியோவில். அதிலும் எண்பது மீட்டர் அலைவரிசையில். அலை நீள நீள ஏரியலும் நீளவேண்டும். எங்கள் ஓட்டுக்கூரையில் கிளம்பிய கம்பி அவர் கிடங்கைத் தாண்டி அவருடைய தென்னையில்தான் முடிந்தது. வேறு மரம் கிடையாது. எதிரியின் மரத்தில் என் நாக்கைக் கட்டியிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வீட்டுக்கு டிவி வந்தது. வந்த வாரமே வாசலில் வந்து நின்றார்.

“எந்தா தம்பி, செய்தி வாசிக்கவன் வாயில உன் சத்தமாக்கும் வருது. ஓணத்துக்குள்ள சரியாக்கு. இல்லேன்னா தென்னைய முறிச்சிருவேன்.”

கேபிளை மாற்றினேன். எர்த் கம்பியைத் தோண்டிப் புதிதாகப் புதைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவர் ஆட்கள்தான் வேண்டுமென்றே கம்பியைக் கெடுத்திருப்பார்கள் என்று நினைத்து டீக்கடையில் கத்தியும் பார்த்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிடங்கு பூட்டியிருந்த நேரம், தங்கையை ரேடியோப் பெட்டியின் மீட்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டு, அவர் ஓட்டின் மேலேயே ஏறி மூங்கிலால் கம்பியைத் தட்டிக்கொண்டே போனேன். தென்னைக்குப் பக்கத்தில் இரண்டு கம்பிகளை முறுக்கிச் சேர்த்த இடத்தைத் தட்டியதும் கீழிருந்து குரல் வந்தது: “அண்ணா, முள்ளு துள்ளுது.”

செம்பு கரியாய்க் கிடந்தது. கந்தகப் புகையும் உப்புக்காற்றும் சேர்ந்து தின்றிருந்தன. அப்படிக் கறுத்த இணைப்பு என் குரலைத் திரித்து அக்கம்பக்கத்து டிவிப் பெட்டிகளுக்கெல்லாம் அனுப்பும். ஆக, அவர் புகைதான் என்னை அவர் டிவிக்குள் அனுப்பியிருக்கிறது. அதை வெட்டியெடுத்து, புதிதாக ஈயத்தால் பற்றவைத்து, தார் பூசினேன். டிவி சுத்தமாகிவிட்டது.

அதோடு வாயை மூடியிருக்கலாம் என்று தங்கை இன்றைக்கும் சொல்கிறாள். எப்படி மூடுவது? மறுநாளே கறுத்த துண்டை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். சரக்கு வாங்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் சுக்கை முகர்ந்துகொண்டிருந்தார்.

“முதலாளி, இது உங்க கந்தகம் தின்ன கம்பி. செம்பையே இப்படித் தின்னா, அந்தச் சுக்கத் தின்னவன் கொடல் என்னாகும்?”

வந்தவர் சுக்கைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை கோடாலி வந்தது. நான் ஓடினேன். “டிவிதான் சரியாச்சே, முதலாளி.”

“டிவிக்கில்ல,” என்றார். “உன் நாக்குக்காக்கும்.”

தென்னை சாய்ந்தபோது பீங்கானும் அவர் முற்றத்தில் விழுந்தது. திருப்பித் தரவில்லை. மனுஷன் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிறது. என் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

“என்ன சார் பார்க்கிறீங்க?” கடைக்காரர் கேட்டார். முதலாளியின் அதே மூக்கு. அப்போது தொட்டிலில் கிடந்த பையன். கடை என்பது பழைய கிடங்குதான். “அப்பாவோடதாக்கும். அப்பா பெரிய ரேடியோக்காரர்.”

“அது என்னுது,” என்றேன். “உங்கப்பா மரத்த முறிச்ச அன்னிக்கு விழுந்தது.”

அவர் நிஜமாகவே யோசித்தார். “எந்த மரம் சார்?”

கையை நீட்டினேன். தென்னை நின்ற இடத்தில் ஏசி எந்திரம் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. இப்போது ரேடியோவில் எண்பது மீட்டரைத் திறந்தால் இந்த மாதிரி எந்திரங்களின் இரைச்சல்தான், தெரு முழுக்க, வீட்டுக்கு வீடு. நான் யார் வாசலில் போய் நின்று கத்துவது?