மஞ்சள் பூசிய குழந்தை

மஞ்சளைப் பற்றி யாராவது கேட்டால் நல்லது, கெட்டது இரண்டையும் வரிசையாகச் சொல்வேன். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்வதால் வந்த பழக்கம் இது. கறியில் போடுகிற அளவு நல்லது; வீக்கத்தைத் தணிக்கும் தன்மை அதற்கு உண்டு. குளிசையாக அள்ளி விழுங்கினால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்படலாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் மலிவாகக் கிடைக்கும் தூளில் சாயம் கலந்திருக்கலாம். இதெல்லாம் படித்துத் தெரிந்தவை. அக்காவின் குழந்தை பிறந்த கிழமை இன்னொன்றை நேரில் கண்டேன்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து புதுக்குடியிருப்பில் உள்ள தன் வீட்டுக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது, அவளுடைய மாமி, அத்தானின் அம்மா, குழந்தையைக் குளிப்பாட்டி முடித்திருந்தார். அரைத்த மஞ்சளை உடம்பெல்லாம் தடவிக் கழுவியிருந்தார்.

“பாத்தியே பிள்ளை, எப்பிடிப் பளபளக்கிறாள் எண்டு.”

“நேற்றிலை இருந்து பால் குடிக்கவே எழும்புறாள் இல்லை” என்றாள் அக்கா.

“அவளின்ரை அப்பனும் இப்பிடித்தான் கிடந்தவன். இப்பவும் அவனை எழுப்பேலாது” என்று மாமி சிரித்தார். உள்ளே அத்தான் உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிறம் ஒன்று, தூக்கம் ஒன்று, பால் குடிக்காதது ஒன்று. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் காமாலை என்றுதான் பட்டது. மஞ்சள் கொழுப்பில் கரையும் என்பதால் தேங்காயெண்ணெயும் பஞ்சும் வாங்கி, குழந்தையின் காலைத் துடைத்தேன். பஞ்சில் நிறம் ஏறியது.

“பாத்தியே, நான் பூசின மஞ்சள்தான்!” என்றார் மாமி.

துடைத்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தேன். இரத்தம் விலகிய அந்தக் கணத்தில் தோல் வெளுக்கவில்லை. மஞ்சளாகவே நின்றது.

அக்காவின் முகம் மாறியது. “நான் சாப்பிட்ட பத்தியக் கறியில மஞ்சள் கூடிப்போச்சோ?”

“இல்லையக்கா. உங்கடை கறியால இப்பிடி வராது.”

“இளவெயில்ல காட்டுவம். நாளைக்கு மிட்வைஃப் வருவா தானே, கேப்பம்” என்றார் மாமி.

அப்போது குழந்தை சோர்வாகக் கண்ணைத் திறந்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது.

“கண்ணுக்குள்ளையும் பூசினனீங்களோ மாமி?”

“ஐயோ, கண்ணுக்கு ஆர் பூசுவினம்?” என்று குனிந்து பார்த்தவர், குழந்தையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“இது காமாலை. கூடினால் மூளையைத் தாக்கும். நாளை வரைக்கும் பொறுக்கேலாது.”

மாமி உள்ளே திரும்பிக் கத்தினார்: “டேய், எழும்படா! ஓடிப்போய் ஓட்டோவைப் பிடி!” அத்தான் அன்று ஒரே கூப்பிடலில் எழும்பினார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். அதில் காமாலையின் அளவு அதிகமாக இருந்தது. உடனே கண்ணை மறைத்து, அதைக் குறைக்கும் நீல வெளிச்சத்தின் கீழ் குழந்தையைக் கிடத்தினார்கள். பூசிய மஞ்சளை மட்டும் பார்த்துவிட்டு எல்லோரும் திருப்தியாக இருந்திருந்தால், இன்னும் ஒரு நாள் வீணாகியிருக்கும்.

மறுநாள் பார்க்கப் போனேன். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு மாமி பாடம் நடத்திக்கொண்டிருந்தார். “மஞ்சள் எண்டால் நஞ்சு, தங்கச்சி. வீட்டில கிடக்கிறதையெல்லாம் தூக்கி எறியுங்கோ.”

இப்போது நான் மஞ்சளுக்காகப் பேச வேண்டியதாயிற்று. “எறியாதேங்கோ. காமாலை மஞ்சளால வந்ததில்லை. பூசினதால எங்களுக்குத் தெரியாமல் போச்சு, அவ்வளவுதான். பச்சைப்பிள்ளைக்குப் பூசாதேங்கோ, கறிக்குப் போடுங்கோ.”

“படிச்சவள் சொல்லுறாள், கேளுங்கோ” என்று மாமி உடனே கட்சி மாறினார்.

இரண்டாவது பரிசோதனையில் அளவு நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் விளக்கை அணைக்கச் சொன்னார். தாதி கண்மறைப்பை எடுத்துக் குழந்தையை அக்காவிடம் கொடுத்தார். குழந்தை வாட்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டு, பாலை இழுத்துக் குடிக்கத் தொடங்கினாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கும் பசிக்குது மாமி. கறி கொண்டு வந்தனீங்களோ?”

“ஓம். மஞ்சள் போடேல்லை.”

அக்கா மூடியைத் திறந்து பார்த்தாள். “இதெல்லாம் ஒரு கறியே?” என்றபடி சோற்றைப் பிசைந்தாள்.