முகம் பார்த்துப் போட்ட உப்பு

நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே, பேருந்து நிறுத்தத்தை ஒட்டி நிற்கிறது, சூப் விற்கும் சூப்பக்காவின் தள்ளுவண்டி. கடையில் ஆள் வராத நேரம்தான் அதிகம். அதனால் ஆறு வருடமாக அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கொரோனா தொற்றுக்கு முன்னால், சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடியைத் திறந்ததும் வண்டி மறைந்துவிடும். முதுகுகள்தான் தெரியும். ஒருவர் குடித்து வைத்த கிண்ணம் வாளித் தண்ணீரில் ஒரு முங்கு முங்கி அடுத்தவர் கைக்குப் போகும். மிளகுத்தூள் டப்பா ஒன்றே ஒன்று. “இங்க தள்ளுப்பா, உங்க வீட்டுச் சொத்தா?” என்று கைமாறிக்கொண்டே இருக்கும். அக்காவிடம் அளவுக் கரண்டி கிடையாது. வீட்டில் ருசி பார்த்துவிட்டுத்தான் வருவார். ஆனாலும் முதல் ஆள் முதல் வாய் குடிக்கும்போது கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டு அந்த முகத்தைப் பார்ப்பார். புருவம் ஏறினால் கொஞ்சம் வெந்நீர். சப்பென்ற முகத்தோடு விழுங்கினால் இன்னொரு சிட்டிகை உப்பு.

“வீட்டுல என் நாக்கு, இங்க உங்க மூஞ்சி” என்பார்.

அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஒரே வாரத்தில் காய்ச்சலில் படுத்து, ஒரே வாரத்தில் எழுந்தார்கள். அக்காவுக்கு வாசனையும் ருசியும் திரும்பவில்லை. வெங்காயம் கருகினால் புகையைப் பார்த்துத்தான் தெரியும். வெளியே யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சமைக்கிறவளுக்கே ருசி தெரியாது என்றால் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான். வீட்டுக்காரருக்கு மட்டும் சொன்னார். அவர் பள்ளிப் பைகளுக்கு ஜிப் மாற்றித் தருகிறவர். பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்ததால் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். தினமும் நாலு மணிக்கு ஒரு கரண்டி அவர் வாய்க்குப் போகும்.

“போதுமா?”

“அளவா இருக்கு. கிளம்பு.”

இதெல்லாம் பின்னால் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வண்டி திரும்ப வந்தது. முதுகுகள் வரவில்லை. வந்தவர்கள் தரையில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்தில் நின்று “பார்சல்” என்றார்கள். மூடி போட்ட டப்பாவை விரல்நுனியில் வாங்கிக்கொண்டு போனார்கள். சுண்ணாம்பு மழையில் கரைந்தது, பார்சல் கரையவில்லை. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் அக்காவுக்குக் கிடைத்தன. உப்பு கூடினதும் குறைந்ததும் கண்ணில் தெரிவதில்லை. போதவில்லையோ என்ற பயத்தில் அக்காவின் கையில் உப்பு வாரத்துக்கு ஒரு சிட்டிகை கூடிக்கொண்டே போனது.

நானும் வாங்கினேன். உப்புக் கரித்தது. சொல்ல வாய் வரவில்லை. மூன்றாம் நாள் வாங்குவதை நிறுத்தினேன். எல்லோரும் அதைத்தான் செய்தார்கள்.

“இப்பல்லாம் போன்லயே சொல்லி வீட்டுக்கு வரவழைக்கிறாங்க” என்று அக்கா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடம் வேறு தடத்தில் ஓடிவிட்டு வந்த பேருந்து டிரைவர் ஒருநாள் வண்டியருகே நின்றார். பழைய ஆள்.

“பார்சல் எதுக்குக்கா? கிண்ணத்துல ஊத்து.”

அக்கா குனிந்து, அடித்தட்டில் தேடி ஒரு கிண்ணம் எடுத்துக் கழுவினார். டிரைவர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலானது.

“என்னக்கா, கடலையே மொண்டுட்டு வந்துட்டியா?” என்று சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. “நெசமாவா?”

“வாயில வைக்க முடியல. இத்தனை நாளா யாருமா சொல்லல?”

அக்கா தலையைத் தூக்கிச் சாலைக்கு இந்தப் பக்கம் பார்த்தார். நான் குனிந்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த தாள்களை மறுபடி அடுக்கினேன்.

மறுநாள் காலை கடைக்கு வந்தார்.

“வெள்ளைத் தாள் ஒரு கட்டு குடு தம்பி. அச்சடிச்சது வேணாம். இப்ப எதுவும் பாத்தவுடனே சுத்தமாத் தெரியணும்.”

எடுத்துக் கொடுத்தேன். கிளம்பாமல் நின்று, காய்ச்சலில் ருசி போனதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

“நேத்துப் போய் அவரைக் கேட்டேன், வாயில இருக்கிறது நாக்கா, தச்சு வச்ச தோலான்னு. மனுஷன் உக்காந்து அழறாரு. அவருக்கும் ருசி அன்னைக்கே போயிடுச்சாம்.”

“அப்ப, அளவா இருக்குன்னு சொன்னது?”

“என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாராம். தனக்கும் தெரியலன்னு சொன்னா நான் அடுப்பே பத்த வைக்க மாட்டேன்னு.” தாள்கட்டைத் தட்டி ஒழுங்காக்கினார். “நீயும் வாங்கினியே தம்பி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“இல்லக்கா...” என்றேன்.

இப்போது சூப்பில் உப்பே கிடையாது. ஜிப் தைத்த விரல்கள் தாளைச் சதுரமாக நறுக்கி, உப்பை வைத்து, மருந்துப் பொடி மாதிரி மடிக்கின்றன. டப்பாவுக்கு இரண்டு பொட்டலம். “உப்பு இனி அவங்கவங்க பாடு” என்கிறார் அக்கா. வருகிறவர்கள் சிலர்தான். வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பொட்டலத்தைப் பிரித்தார்களா, பிடித்ததா, எதுவும் வண்டிக்குத் திரும்பி வருவதில்லை.

நேற்று நான் சாலையைக் கடந்து போனேன்.

“கிண்ணத்துல குடுங்கக்கா.”

அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு ஊற்றிக் கொடுத்தார். பொட்டலத்தைப் பிரித்துக் கலக்கினேன். அவர் கரண்டி நின்றது. எவ்வளவு நாளைக்குப் பிறகு!

முகக்கவசத்தை இறக்கினேன். பக்கத்தில் யாரோ வந்து நிற்க, இந்த வருடங்களில் பழகிப்போன பழக்கம், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு வாய் குடித்தேன். அக்கா என் முகத்துக்காகக் காத்திருப்பது ஞாபகம் வந்து நான் திரும்புவதற்குள் அது தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

அக்கா கரண்டியைச் சட்டிக்குள் விட்டு, அடுத்த டப்பாவுக்கு மொள்ளத் தொடங்கியிருந்தார்.