அந்தா வாறான்

சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து வெளியே வந்து வவுனியாவில் ஓர் அறை எடுத்து நான் தனியே இருந்தபோதுதான் அந்த சிடி வந்தது. கனடாவிலிருந்து என் கணவரின் தம்பி அனுப்பியிருந்தார். என் மனுசனின் படம் என்று என்னிடம் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. கலியாண அல்பமும் அடையாள அட்டையும் ஓடிய ஓட்டத்தில் போய்விட்டன. முள்ளிவாய்க்காலில் தண்ணீர் எடுக்கப் போனவர் திரும்பி வரவில்லை. அவர் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

அதற்குப் பல வருடம் முந்தி, சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில், வன்னிக்குப் பாதை திறந்த புதிதில், அந்தத் தம்பி தர்மபுரத்தில் எங்களோடு மூன்று கிழமை வந்து நின்றார். கையில் ஒரு வீடியோ கமரா. அதைக் கண்ட நாளே என் மனுசனுக்கு விசர் பிடித்தது. சைக்கிள் கடைக்காரர், படம் எடுக்கப் போகிறாராம்! அதுவும் பறக்கிற வீரன் படம். வானத்திலிருந்து விழுவதையெல்லாம் இரண்டு கையாலும் ஏந்திக் கடலுக்குள் எறிந்துவிடுவானாம். வீரன் யார்? இவரேதான்.

"உங்களுக்கென்ன விசரே?" என்று பேசினேன். பேசிக்கொண்டே என் சிவப்புப் பாவாடையைக் கிழித்து அவர் முதுகில் தொங்கச் சால்வை தைத்ததும் நான்தான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டு முகமூடியும் தைத்தேன்.

"வெளிநாட்டில படம் எடுக்கிற கதையையும் ஒரு படமா எடுக்கிறவை, மச்சாள். ஒத்திகையை நீங்கள் எடுங்கோ" என்று தம்பி கமராவை என்னிடம் தந்தார். ஒரு கிழமை அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இவர் பக்கம் திருப்பினால் போதும், முகமூடியை இழுத்து மாட்டிவிடுவார். "முகத்தைக் கண்டால் சைக்கிள் கடைக்காரனெண்டு சனம் சிரிக்கும், சும்மா இரும்" என்பார். வெட்கம் பிடித்த மனுசன்.

தென்னங்காணிக்குள் இருந்த சீமெந்துத் தொட்டியின் மேல் அவர் கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா "அந்தா வாறான்!" என்று கத்த, கூடியிருக்கும் அயலவர் எல்லாரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக் கைகாட்ட வேண்டும். அக்கா தொண்டை கிழியக் கத்தினார். அடுத்த நொடி ஒருவரும் நிற்கவில்லை. எல்லாரும் குப்புறக் கிடந்தார்கள். கத்திய அக்காவே ஓடிப்போய்ப் பங்கர் குழிக்குள் குதித்துவிட்டார். சமாதானம்தானே என்று அதற்குள் அவர் கோழி அடைத்திருந்தார். அன்றைக்குப் பறந்தது அந்தக் கோழிகள் மட்டும்தான்.

குண்டு போட விமானம் வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் அதன் பெயரைச் சொல்லிக் கத்துவதில்லை. "வாறான்" என்றால் போதும், உடம்பு தானாக நிலத்தில் கிடக்கும். வசனம் எழுதிய மனுசனுக்கு அது யோசனையிலேயே வரவில்லை.

பிறகு மரியாதையாக "அந்தா வாறார்" என்று மாற்றிப் பார்த்தார். ஒருவரும் விழவில்லை. ஆனால் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டுதான் மேலே பார்த்தார்கள். "கொஞ்சம் சிரியுங்கோவன்" என்று கெஞ்சினார். ஒரு முகத்திலும் சிரிப்பு வரவில்லை.

"இந்தச் சனம் வானத்தைப் பாத்துச் சிரிக்கிற நாளில எடுப்பம்" என்று சொல்லிச் சால்வையை மடித்து வைத்தார். தம்பி கமராவோடு போய்விட்டார். அந்த நாள் வரவில்லை.

அறை தந்த வீட்டுக்கார அக்கா குசினியில் சமைத்துக்கொண்டிருந்த நேரம் அவருடைய டிவியில், நான் எடுத்ததெல்லாம் பதிந்திருந்த அந்த சிடியைப் போட்டேன். ஆடு வந்தது, வேலி வந்தது, சீப்பால் தலை இழுக்கிற பெண்கள் வந்தார்கள். இவர் வரும்போதெல்லாம் முகமூடி. இல்லாவிட்டால் முதுகு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தைத்துக் கொடுத்த என் கையை முறிக்க வேண்டும்.

பிறகு அந்தப் பக்கத்து வீட்டு அக்காவின் குரல். "அந்தா வாறான்!" படம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மண். ஒரு புல். நானும் விழுந்திருக்கிறேன்! மற்றவர்கள் விழுந்ததைச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் சிரித்திருப்பேன், என்னை மட்டும் மறந்துபோனேன்.

மண்ணுக்கு மேலே அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஐயோ, எழும்புங்கோ, ஒண்டுமில்லை!" பிறகு குரல் கிட்ட வந்தது.

"என்ன, நீரும் விழுந்திட்டீரே? இஞ்ச பாரும், முகமூடியைக் கழட்டிப்போட்டன். நான்தான். ஒருக்கா என்னை நிமிந்து பாருமன்."

அதற்குப் பிறகு நான் கமராவைத் தூக்கவில்லை; அந்த மண்ணோடு சிடி முடிந்துவிட்டது. திரும்பவும் போட்டேன். திரும்பவும் மண்.

"எழும்படி மூதேவி! எழும்பிப் பாரடி!" என்று டிவிக்குள் குப்புறக் கிடந்த என்னைப் பார்த்துக் கத்தினேன்.

வீட்டுக்கார அக்கா அகப்பையோடு வாசலில் வந்து நின்றார். "ஆரோட பிள்ளை கதைக்கிறீர்?"

"ஒருத்தரோடயும் இல்லை, அக்கா" என்றேன்.