ரம்ஸியா ஓதிய ஒப்பந்தம்

கலீலுர் ரஹ்மானிடம் யாராவது சண்டைக்கு வந்தால் அவர் முதலில் டீ சொல்லுவார். அமீரகத்தின் அல் ஐனில் பன்னிரண்டு வருடமாக மளிகைக் கடை நடத்துகிறவர், ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. ஊரெல்லாம் நல்ல பெயர். அந்தப் பெயருக்கான விலையை வீட்டில் இருந்து கொடுத்தவள் அவர் மனைவி ரம்ஸியா.

ஜூலை இரண்டாம் வாரம் வீட்டு ஏசி நின்றது. மூன்று அறைக்கும் சேர்த்து மொட்டைமாடியில் ஒரே பெட்டி. பதினேழு வருடப் பழசு. மெக்கானிக் பாண்டித்துரை ஏறிப் பார்த்துவிட்டுச் சட்டை நனைய இறங்கி வந்தான்.

"கம்ப்ரசர் போச்சுக்கா. செப்புக் குழாயும் அரிச்சுப்போச்சு. இதுக்குச் செலவு பண்றது தண்டம். புதுசு மாட்ட எட்டாயிரத்து ஐந்நூறு திர்ஹம் ஆகும்."

வீட்டுக்காரியம்மாவின் ஏஜென்ட் அஹ்சன் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டான். ஏசி குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. முடியாவிட்டால் மாதக் கடைசிக்குள் காலி செய்யலாம்.

அந்த வாடகைக்கு இன்று வேறு வீடு கிடைக்காது. கலீல் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார்.

"நீயும் புள்ளைகளும் ஊருக்குப் போயிடுங்க. நான் கடையிலயே படுத்துக்கிறேன்."

ரம்ஸியா சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தாள். கல்யாணமாகி எட்டு வருடம் கீழக்கரையில் இருந்துகொண்டு போனிலேயே குடும்பம் நடத்தியவள் அவள். லீவில் வந்த வாப்பாவைப் பார்த்து மூத்தவள், "இது யாரு?" என்று கேட்டதை அவள் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டாள்.

"போனுல குடும்பம் நடத்துனது போதும் மச்சான். அந்த ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குதுண்டு பாத்தியளா?"

"நிபந்தனைத் தாள் முழுக்க அரபியில இருக்குது."

"நாலு வருசமா கையெழுத்துப் போட்டியளே?"

"போடச் சொன்னாங்க, போட்டேன்."

தாளை எடுத்துப் பார்த்தாள். எழுத்து தெரிந்தது. சின்ன வயதிலேயே குர்ஆன் ஓதி முடித்தவள். அழகாக ஓதுவாள், அர்த்தம் தமிழில் படித்தால்தான் உண்டு. அவள் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். இந்தத் தாளில் அதுவும் சிரமம். எழுத்துக்கு மேலும் கீழும் இருக்க வேண்டிய உச்சரிப்புக் குறிகள் ஒன்றுகூட இல்லை. போனில் படம் பிடித்து மொழிபெயர்த்தாள். 'ஏசி மாற்றுதல் உரிமையாளரின் தோளில்' என்று வந்தது. அதை அனுப்பியதற்கு, போன் உளறுவதையெல்லாம் நம்பாதே என்று பதில் போட்டான் அஹ்சன்.

நாலு வருடத்தில் கலீல் வீட்டுக்காரியம்மாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அரபு விதவையின் வீடு; ஆண்களுக்கு வெளிக்கேட்டோடு சரி, மற்றதெல்லாம் அஹ்சன் கையில். பெண்களுக்கு அடுக்களைப் பக்கம் ஒரு வாசல் இருப்பது ரம்ஸியாவுக்குத் தெரியும். அபாயாவை மாட்டிக்கொண்டு, தாளை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கெஞ்சப் போகிறவள்தான் பலகாரம் கொண்டுபோவாள்.

வீட்டுக்காரக் கிழவி கம்பளத்தில் சாய்ந்திருந்தாள். அந்த அறையின் குளிரில் பல் கிட்டியது. ரம்ஸியா தன் கடைத்தெரு அரபியில் விஷயத்தைச் சொல்லித் தாளை நீட்டினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. அஹ்சன்கிட்டப் பேசு" என்றாள் கிழவி.

"எனக்குப் படிக்கத் தெரியும். புரியாது. நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க."

அனுமதிக்குக் காத்திராமல் எதிரே உட்கார்ந்து ஓத ஆரம்பித்தாள். பழக்கதோஷத்தில் ராகமும் சேர்ந்துகொண்டது. வாடகைத் தேதியையும் கழிவுநீர்க் குழாயையும் யாராவது ராகம் போட்டு ஓதுவார்களா? கிழவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குறி இல்லாத எழுத்தில் ரம்ஸியா தடுக்கிய இடத்திலெல்லாம் கிழவி திருத்தினாள். ஆறாவது நிபந்தனையில் சிரிப்பு நின்றது.

"திரும்பப் படி."

படித்தாள். 'தோளில்' என்ற இடம் வந்ததும் கிழவி தன் வலது தோளைத் தொட்டுக்கொண்டாள். பிறகு விரல்களால் பாதி என்று சைகை காட்டினாள். பாதி நீ, பாதி நான்.

ரம்ஸியாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. 'பாதி' என்று எங்கே எழுதியிருக்கிறது? "மாஃபி" என்றாள், அப்படி எதுவும் இல்லை என்று. அதே வரியில் விரலை வைத்து மூன்றாம் முறையும் ஓதினாள், இந்த முறை ராகமில்லாமல்.

"கலாஸ்", போதும் என்று கிழவி போனை எடுத்தாள். அஹ்சனுக்கு விழுந்த அரபியில் ஒரு வார்த்தையும் ரம்ஸியாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் வயிறு நிறைந்தது.

மூன்றாம் நாள் புதுப் பெட்டி மாடி ஏறியது.

ஜனவரியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அஹ்சன் கடைக்கு வந்தான். கலீல் வழக்கம்போல அவனுக்கு டீ சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த ரம்ஸியா தாள்களை எண்ணிப் பார்த்தாள். போன வருடத்தைவிட ஒரு தாள் கூடியிருந்தது. கணவன் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடி, தாள்களைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"டீயைக் குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க மச்சான். நான் அந்த அம்மாட்ட ஓதிக் காட்டிட்டு வாறேன்."

அஹ்சன் டீயைத் தொடவில்லை.