ஹனாவின் கால்விரலில் முளைத்தது

போன கிழமை, சுனாமி முகாமில் எங்களோடு இருந்த ஜெஸீமா மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். யுத்தம் முடிந்த பிறகு எங்கள் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. சின்னவள் ஹனா செருப்பைக் கழற்றினாள். என் கண் நேரே காலுக்குத்தான் போனது.

கட்டிகளைக் காணோம்!

“அல்ஹம்துலில்லாஹ்! சுகமாயிட்டே” என்றேன். ஜெஸீமா சிரிக்கவில்லை. கண் நிறைந்து நின்றது.

ஏன்?

சுனாமியில் மூத்த மகள் ரிஃபாவைப் பறிகொடுத்தவள் அவள். மருதமுனைக் கரையில் தண்ணீர் இழுத்தபோது ஒரு கையில் தென்னை, மறு கையில் பிள்ளை... பிள்ளை வழுக்கிப் போய்விட்டது. ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் ஹனா பிறந்தாள். தவழும் வயசில் வலது காலின் இரண்டு விரல்களில் கட்டி முளைத்தது. சிவப்பாக, வழவழவென்று, கல் மாதிரி. பிள்ளைக்கு வலியில்லை. வழிநெடுக செக்பொயிண்டில் இறங்கி ஏறி, கொழும்புக்குக் கொண்டுபோய் வெட்டினார்கள்.

சில மாதம்தான். “மறுகாவும் முளைச்சிட்டு ராத்தா!” என்று ஓடி வந்தாள். அதே விரல்கள். அதே இடம்.

முகாமில் யாரோ ஒருத்தி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “கடலில போன புள்ள தங்கச்சியப் புடிச்சிக்கிட்டு இரிக்கி.”

அன்றிலிருந்து ஹனாவுக்குக் கடற்கரை கிடையாது. கொளுத்தும் வெயிலிலும் காலுக்கு சொக்ஸ்!

திரும்ப டொக்டரிடம் போனபோது நானும் துணைக்குப் போனேன். பொறுமையான மனுஷி. “இது கேன்சர் இல்ல. சின்னப் புள்ளைகளுக்கு எப்பவாவது வாற கட்டி. வெட்டினாலும் திரும்ப வரும். நடக்க இடைஞ்சல் இல்லாட்டி விட்டுப் பாப்பம், தானாக் கரையலாம்” என்றார். பிறகு பேச்சோடு பேச்சாக, “பெருவிரல்ல மட்டும் இது பெரும்பாலும் வாறதில்ல. ஏனெண்டு எங்களுக்கும் தெரியா.”

ஜெஸீமா வெளிறிப்போனாள்.

“ரிஃபாவும் அப்பிடித்தான் டொக்டர். நடக்கக்குள்ள என்ட கைப் பெருவிரலப் புடிக்கவே மாட்டா. மத்த விரல்களத்தான் புடிப்பா.”

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் முதுகு சில்லிட்டது – பொய் சொல்வானேன்?

டொக்டர் சொன்னபடிதான் நடந்தது. கத்தி படாமலே கட்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, இப்போது தடமே இல்லை. விஞ்ஞானம் ஜெயித்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே?

“நல்லாயிட்டுத்தானே புள்ள, ஏன் அழுற?” என்று கேட்டேன்.

“ஓம் ராத்தா, நல்லாயிட்டு.” ஹனாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். “அவ விட்டுட்டுப் போயிட்டா.”

பிள்ளைக்குச் சுகம் வந்ததற்காகத் தாய்க்கு ஆறுதல் சொன்னது, என் ஆயுசில் அதுதான் முதல் தடவை!