சுவரைப் பார்க்கும் ஆறுகள்

வாசல் மணி அடித்தால் போதும், லாம்பெர்ட் ஒஸன்டார்ஃப் தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு ஓடுவார். கதவைத் திறக்க அல்ல. படங்களை முகம் திருப்பிச் சுவரில் சாய்த்து வைக்க. எல்லாவற்றிலும் அதே ரைன் ஆறு, அதே மூடுபனி, அதே நிலா, அதே படகு. வருகிறவர் கண்ணில் ஒன்றுதான் பட வேண்டும். மற்றவற்றைக் கேட்டால், "ஈரம் காயலைங்க, தொட்டா ஒட்டிக்கும்" என்பார். முழுப் பொய்யும் இல்லை. சுவர் நெடுக வானத்தின் சாம்பல் கோடு இழுபட்டிருக்கிறது.

டூஸல்டார்ஃப் ஓவியர்களில் மூடுபனி போட அவரை விட்டால் ஆள் இல்லை. அதற்குத் தூரிகை எடுக்க மாட்டார், வலது கட்டைவிரல்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலும் அந்த விரல் சாம்பல் பூத்தே இருக்கும். ஆற்றங்கரைக்குப் போய் வருஷக்கணக்காகிறது. ஈரக்காற்று முழங்காலுக்கு ஆகாதாம். "ஊருக்கு ஒரு ரைன்தான். நம்ம வீட்டுல மட்டும் ஒம்போது ஓடுது" என்பாள் மனைவி சிபில்லா. வாங்குகிறவர்கள் கேட்பதே அதைத்தான். நிலா மட்டும் கொஞ்சம் பெரிதாக வேண்டுமாம்.

மகள் ஒடிலியாவின் கல்யாணத்துக்கென்று ஒரு படம் போட்டார். அதில் மட்டும் படகு முனையில் தலையில் சிவப்புத் துண்டு கட்டிய சிறுமி நின்றாள். "நீதாம்மா அது, ஆறு வயசுல. இப்படி ஒண்ணு உலகத்துல வேற எங்கயும் கிடையாது." சொல்லும்போதே உறுத்தியது. இதே சிறுமியை முன்பே ஒரு முறை வரைந்து பட வியாபாரியிடம் கொடுத்திருந்தார். அது எந்த ஊரில் எவர் வீட்டில் தொங்குகிறதோ, யார் கண்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

தொங்கியது க்ரெஃபெல்டில், சம்பந்தி வீட்டில். கல்யாண விருந்தன்றுதான் அப்பாவும் மகளும் முதன்முதலாக அந்தக் கூடத்தில் கால் வைத்தார்கள். துணி சுற்றிய படம் ஒடிலியாவின் கையில் இருந்தது. எதிரே சோபாவுக்கு மேலே அதே பனி, அதே நிலா, சிவப்புத் துண்டோடு அவள்.

"உங்க கைதான் சம்பந்தி. இன்னிக்குக் காட்டலாம்னு சொல்லாமலே வச்சிருந்தேன்" என்றாள் மாப்பிள்ளையின் தாய். "உலகத்துலயே இது ஒண்ணுதானாமே, வியாபாரி சொன்னான். இதைப் பார்த்துத்தான் இந்த மனுஷன் வீட்டுல பொண்ணு எடுக்கணும்னு தோணுச்சு."

லாம்பெர்ட்டுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. சம்பந்தியம்மாளை விட, மகள் முகத்தைப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது. ஒடிலியா சுவரைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"கையில என்னம்மா, பிரிச்சுக் காட்டேன்" என்றாள் மாமியார்.

"ஈரம் காயலை அத்தை, தொட்டா ஒட்டிக்கும்" என்ற ஒடிலியா, தன் படத்தை முகம் திருப்பிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.