சின்னது என்று சொல்லப் போனது

பேத்தி ஜப்பானுக்கு வேலைக்குப் போகப் போகிறாளாம். ஹட்டனில் வகுப்புக்குப் போய்வந்து வீட்டில் சொற்களை உருப்போடுகிறாள். நேற்று ‘சீசாய்’ என்றாள். கையிலிருந்த தேத்தண்ணி ஆறும்வரை அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஸ்மால் என்பதற்கு ஜப்பான்காரர்களின் சொல் அது. எனக்குத் தெரிந்த ஒரே ஜப்பான் சொல்லும் அதுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில், நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். அங்கே அணை கட்டினால், தொழிலாளர் வீட்டு வரிசையான கீழ் லயம் தண்ணீருக்குள் போய்விடும். அந்தச் சனங்களை மேல் லயத்தில், காம்பராவுக்கு இரண்டு குடும்பமாகப் போடலாமா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஜப்பான் இன்ஜினியர் வந்தார். காம்பரா என்றால் ஒற்றை அறை. சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்தான். தோட்டத்துத் துரை என்னை அவரோடு மொழிபெயர்க்க அனுப்பிவைத்தார். என் ஆங்கிலம் வகுப்பறைக்குள் புலி, வெளியே வந்தால் பூனை. அவருடையதும் அப்படித்தான். சட்டைப்பையில் ஒரு குட்டி அகராதி வைத்திருந்தார். திறந்தாலே பாச்சை உருண்டை மணக்கும்.

மேல் லயத்தில் மூக்காயி அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரய்யா, காம்பரா சின்னதுன்னு சொல்லுங்க. இப்பவே ஒம்பது பேரு படுக்கிறோம். இன்னொரு குடும்பத்த எங்க போடுறது?"

"ஹவுஸ் ஸ்மால்" என்றேன்.

அவர் அகராதியைப் புரட்டி, "சீசாய்?" என்று அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டினார். உடனே இன்ஜினியர் சப்பாத்தைக் கழற்றி, இடுப்பு வளையக் குனிந்து, உள்ளே போய்ச் சாக்கில் உட்கார்ந்தார். "நோ, நோ. குட் ஹவுஸ்."

"வெரி ஸ்மால்" என்றேன். இன்னும் தாழக் குனிந்தார். "நைன் பீப்பிள்" என்றேன். "பிக் ஃபேமிலி, ஹாப்பி" என்று சிரித்தார்.

"என்னய்யா சொல்றாரு?"

"வீடு நல்லாருக்காம்."

எனக்கு அழுகை வந்தது. அதற்கு மேல் எனக்கு இங்கிலீசும் இல்லை. மனிதர் நல்லவர், அதுதான் வயிற்றெரிச்சல். பிறகு அந்தக் காம்பராவுக்குள் இன்னொரு குடும்பம் வந்தது. நடுவில் ஒரு சேலையைக் கட்டிவிட்டார்கள்.

பேத்தியிடம் சொன்னேன். "அங்க விருந்தாளி வந்தா, எங்க வீடு சின்னதுதான்னு சொல்லித்தான் தாத்தா உள்ள கூப்பிடுவாங்க. மரியாதைக்கு. வந்தவங்க, இல்ல, நல்ல வீடுன்னு சொல்லணும்" என்றாள். விளங்கி இப்போது என்ன பண்ண.

கீழ் லயம் தண்ணீருக்குள். மேல் லயத்தையும் இடித்துவிட்டார்கள். தோட்டத்துச் சனங்களைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் மூக்காயி அக்கா குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது. அங்கே கிடைத்த வீடாவது பெரியதா என்று எழுதிக் கேட்க, என்னிடம் விலாசம்கூட இல்லை.